மடிக்கணினியோடு ஒரு கட்டுச்சோறு

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பேருந்துகள் மலையேறத் தொடங்கும் இடத்திற்கு அடிவாரம் என்றே பெயர். இங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் சேர்வராயன் மலைமீது ஏற்காடு அமைந்திருக்கிறது. மலையேறுவோரை இருபது ஆண்டுகளாக இந்த அடிவாரத்தில் இருந்து பார்த்து வருகிறேன். முன்பெல்லாம் மூவகையினரே இவ்வழியே செல்வர். மலையில் வீடும் நிலமும் உடையோர் ஒரு வகை. காப்பித் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோர் மற்றொரு வகை. கோடையில் குடும்பத்தோடு வரும் சுற்றுலாப் பயணிகள் மூன்றாம் வகை.

அண்மை ஆண்டுகளில் நான்காவதாக ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. அவர்களின் முதுகில் ஒரு பை தொங்கும். அதற்குள் மடிக்கணினி இருக்கும். அவர்கள் ஊர் சுற்ற மட்டும் வருபவர்கள் அல்லர். வேலை செய்யவும் வருபவர்கள். 2020 மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கு வந்தபோது அலுவலகங்கள் மூடப்பட்டன, வீடுகளே அலுவலகங்களாயின. ஊரடங்கு நீங்கிய பின்னரும் பல நிறுவனங்கள் அந்த முறையை முழுவதுமாகக் கைவிடவில்லை. இணையம் கிடைக்கும் இடமெல்லாம் வேலை செய்யும் இடமே என்றாகிவிட்டபின், அந்த இடம் குளிர்ந்த மலையாக இருக்கட்டுமே என்று இளைஞர்கள் எண்ணுவதில் தவறில்லை.

என் தங்கையின் மகனும் அவர்களில் ஒருவன். வயது 29. கணினி நிறுவனம் ஒன்றில் பணி. மாதத்தில் பத்து நாள் ஆத்தூரில் தாயோடு இருப்பான். மற்ற நாள்களில் ஏற்காடு, கொடைக்கானல், குன்னூர் என்று எங்கேனும் ஓர் அறை எடுத்துத் தங்கி வேலை பார்ப்பான். ஏற்காடு செல்லும்போதெல்லாம் ஓர் இரவு எங்கள் வீட்டில் தங்கிவிட்டுத்தான் மலையேறுவான்.

சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை மாலை அப்படித்தான் வந்தான். மஃரிப் தொழுகை முடிந்து நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, மடிக்கணினியின் மின்கம்பியைத் தேடிப் பையைக் கவிழ்த்தான். கம்பியோடு சேர்ந்து கீழே விழுந்தவற்றைக் கண்டு திகைத்தேன். உருளைக்கிழங்கு சிப்ஸ் நான்கு பொட்டலம், கிரீம் பிஸ்கட் ஐந்து, குவளையில் சுடுநீர் ஊற்றிக் கலக்கும் நூடுல்ஸ் மூன்று, அரை லிட்டர் குளிர்பானம் இரண்டு புட்டி.

"இது என்ன தம்பி, பெட்டிக்கடை வைக்கப் போகிறாயா?" என்றேன்.

"ஒரு வாரத்திற்குத்தான் மாமா. மீட்டிங் தொடங்கினால் மூன்று மணி நேரம் எழுந்திருக்க முடியாது. பக்கத்தில் இது இருந்தால் பசி தெரியாது" என்றான்.

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. சிறிது நேரம் கழித்துச் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். சேலத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவு அது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எண் 6.1 என்றிருந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. இடைப்பட்டது நீரிழிவின் வாசற்படி. "அம்மாவிடம் சொல்லவில்லை மாமா" என்றான்.

அவன் ஏன் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவனுடைய அத்தா நீரிழிவோடு பத்தாண்டுகள் போராடி, இதய நோயால் 48-ஆம் வயதில் இறையடி சேர்ந்தவர். என் தங்கை அந்தப் பத்தாண்டுகளை இன்னும் மறக்கவில்லை.

வாசற்படியில் நிற்போர்

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2023-ஆம் ஆண்டு வெளியானது. இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கும் மேல் என்றும், அதன் வாசற்படியில் நிற்போர் 13 கோடிக்கும் மேல் என்றும் அது கணக்கிட்டது.

எனினும் வாசற்படி என்பது திரும்பி வரவும் உதவும் இடம். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் வாசற்படி நிலையில் இருந்த 531 பேரை மூன்றாண்டு காலம் கவனித்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டனர். உணவையும் நடையையும் சீர்செய்துகொள்ள அறிவுறுத்தப்பட்டவர்களிடையே, நீரிழிவில் விழும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்தது. மாத்திரை கொடுக்கப்பட்டவர்களிடமும் ஏறக்குறைய அதே அளவுதான் குறைந்தது. அதாவது, வாயைக் காத்துக் காலை அசைத்தால் மாத்திரைக்கு இணையான பயன் கிட்டியது.

அன்றிரவு தங்கை மகனிடம் இதைச் சொன்னேன். "வீட்டில் இருந்தால் செய்யலாம் மாமா. ஊர் ஊராகப் போகிறவன் எப்படிச் செய்வது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

ஆற்றுணாவும் ஸாதும்

பயணமும் உணவும் நமக்குப் புதியவை அல்ல. வழிச்செல்வோர் கையோடு கொண்டு செல்லும் உணவுக்குத் தமிழில் 'ஆற்றுணா' என்றொரு பழஞ்சொல் உண்டு. ஆறு என்றால் வழி. உணா என்றால் உணவு. அரபியில் இதற்கு 'ஸாத்' என்று பெயர். ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டில் (கி.பி. 628) கைபர் நோக்கிச் சென்ற பயணத்தின்போது, ஸஹ்பா என்னுமிடத்தில் நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் 'ஸவீக்' உண்டதை ஹதீஸ் தொகுப்புகள் பதிவு செய்துள்ளன. வாற்கோதுமை முதலிய தானியத்தை வறுத்து இடித்த மாவே ஸவீக். நம் வீடுகளில் உள்ள சத்துமாவின் உறவினர் எனலாம். தண்ணீர் இருந்தால் போதும், அடுப்பு வேண்டியதில்லை, பல நாள் கெடாது.

என் பாட்டனார் கப்பலேறி ஹஜ் சென்றவர். பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கப்பல் பயணம் 1995-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அதற்கு முன் சென்றவர்களுக்குத் தகர டின்களில் உணவு கட்டிக்கொடுப்பது குடும்பத்தின் பெரும் வேலை. வறுத்த அரிசியும் பயறும் நிலக்கடலையும் இடித்து, வெல்லப்பாகும் சுக்கும் சேர்த்துப் பிடித்த பொருள்விளங்கா உருண்டைகளைப் பாட்டியார் ஒரு டின் நிறையக் கட்டிக் கொடுத்தாராம். கல்லைப் போல் இருந்தாலும் மாதக்கணக்கில் கெடாத பண்டம் அது.

இதைக் கேட்டதும், "அப்படியானால் அந்த உருண்டையையே இப்போதும் செய்து எடுத்துப் போகலாமே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. அன்றைய பயணி நடந்தான், சுமந்தான், கப்பலிலும் கரையிலும் வெயிலில் உழைத்தான். அவன் உண்ட வெல்லம் அவன் கால்களில் எரிந்து தீர்ந்தது. இன்றைய பயணி பேருந்தில் அமர்கிறான். இறங்கியதும் அறையில் அமர்கிறான். எட்டு மணி நேரம் திரையின் முன் அமர்கிறான். ஊர்தான் மாறுகிறது, உடல் அசையவில்லை. பயணியின் பசியும் எழுத்தரின் உழைப்பும் ஒரே உடலில் சேர்ந்திருப்பதுதான் இந்தப் புதுவகை வாழ்வின் சிக்கல்.

எனவே முன்னோரின் முறையை எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்களுடைய அளவை எடுத்துக்கொள்ளலாகாது.

பையைத் திறந்து பார்த்தோம்

அன்றிரவு அவன் பையிலிருந்த பொட்டலங்களின் பின்புறத்தை இருவரும் படித்தோம். பொடி எழுத்துகளுக்காக நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கிரீம் பிஸ்கட்டில் 100 கிராமுக்கு 36 கிராம் சர்க்கரை. குளிர்பானத்தில் 100 மில்லி லிட்டருக்கு 10 கிராம். அரை லிட்டர் புட்டியைக் குடித்து முடித்தால் 50 கிராம். ஒரு பிற்பகலில் 100 கிராம் பிஸ்கட்டும் ஒரு புட்டியும் உள்ளே சென்றால் 86 கிராம் சர்க்கரை. தேக்கரண்டிக் கணக்கில் பதினேழு. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர் இத்தகைய சேர்க்கைச் சர்க்கரையை 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும், 25 கிராமுக்குள் நிறுத்தினால் மேலும் நன்று என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வகுத்த வரையறை. என் தங்கை மகன் ஒரு பிற்பகலிலேயே அந்த எல்லையைக் கடந்து வெகுதூரம் சென்றிருந்தான்.

சிப்ஸின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். நூடுல்ஸின் மசாலாப் பொட்டலத்தில் உப்பு மிகுதி. நாள் முழுவதற்கும் 5 கிராம் உப்பே போதுமென்பது அதே நிறுவனத்தின் அறிவுரை.

பொட்டலங்களைப் படிப்பதில் ஒரு சிறு நுட்பம் உண்டு. சேர்மானப் பொருள்களை எடையின் வரிசைப்படியே அச்சிட வேண்டுமென்பது சட்டம். மிகுதியாக உள்ளது முதலில் வரும். 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின், கேழ்வரகு பிஸ்கட், தினை பிஸ்கட் என்று பல வந்துள்ளன. முன்புறத்தில் கேழ்வரகுக் கதிரின் படம் பெரிதாக இருக்கும். பின்புறப் பட்டியலில் முதலில் மைதாவும் அடுத்துச் சர்க்கரையும் இருந்தால், அது கேழ்வரகின் பெயரை மட்டும் சுமக்கும் மைதா பிஸ்கட் என்றறிக.

நம் சமுதாயத்தார் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. மென்று தின்னும் வழவழப்பான மிட்டாய்கள் சிலவற்றில் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் சேர்க்கப்படுகிறது. எந்த விலங்கு, எவ்வாறு அறுக்கப்பட்டது என்பதைப் பொட்டலம் சொல்லாது. இந்தியாவில் விற்கும் பொட்டலத்தில் சைவத்திற்குரிய பச்சை வட்டக் குறி இருந்தால் அந்த ஐயம் நீங்கும். குறியைப் பாராமல் வாங்கி வாயில் போடுவது நம் பிள்ளைகளுக்குப் பழக்கமாகிவிடக் கூடாது.

மூன்று டப்பாக்கள்

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஃபஜ்ருக்குப் பின் நானும் அவனும் அடுக்களையில் நின்று மூன்று டப்பாக்களை நிரப்பினோம். எது விரைவில் கெடுமோ அதை முதலில் உண்ண வேண்டும் என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு பிரித்தோம்.

முதல் டப்பா, சென்று இறங்கியதும் உண்பதற்கு. முந்திய இரவு ஊறவைத்த கொண்டைக்கடலையை வேகவைத்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, எலுமிச்சை பிழிந்தோம். தேங்காய் போடவில்லை, தேங்காய் சேர்ந்தால் விரைவில் புளித்துவிடும். அவித்த முட்டைகள் இரண்டையும் ஓடு உரிக்காமல் வைத்தோம். சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்கலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் விதி. அடிவாரத்திலிருந்து ஏற்காடு சேர அவ்வளவு நேரம் ஆகாது. சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வருபவர் சுண்டலைக் கட்டிக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதமும் 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் உண்டு. இவ்விரண்டும் சேர்ந்தே பசியைத் தள்ளிப் போடுகின்றன.

இரண்டாவது டப்பா என்பது உண்மையில் ஒரு துணிப்பை. கொய்யா நான்கு, வெள்ளரிக்காய் இரண்டு, ஆரஞ்சு மூன்று. எதையும் நறுக்கவில்லை, தோலோடு முழுதாக இருக்கும்வரை பழத்திற்கு அதுவே உறை. ஏற்காட்டு மலையிலேயே கொய்யாவும் ஆரஞ்சும் பலாவும் விளைகின்றன. பருவத்தில் அங்கேயே வாங்கலாம். கொய்யாவை ஏழைகளின் ஆப்பிள் என்று சொல்லிச் சொல்லி அதன் மதிப்பைக் குறைத்துவிட்டோம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி உள்ளது. ஆரஞ்சில் உள்ளதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். பழத்தைப் பழமாகவே உண்ண வேண்டும். சாறு பிழிந்தால் நார் குப்பைக்கும் சர்க்கரை வயிற்றுக்கும் போய்ச் சேரும்.

மூன்றாவது டப்பா, வாரம் முழுவதற்கும். எவர்சில்வர் டப்பாவில் வறுத்த நிலக்கடலையும் பொட்டுக்கடலையும் சம அளவில் கலந்து வைத்தோம். ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம். அதில் ஏறக்குறைய 7 கிராம் புரதம் கிடைக்கும். ஆனால் நிலக்கடலையின் எடையில் பாதி கொழுப்பு. நல்ல கொழுப்புதான், எனினும் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி தின்றால் கால் கிலோ போவது தெரியாது. அதனால் கைப்பிடி கைப்பிடியாகச் சிறு காகிதப் பொட்டலங்களில் மடித்து வைத்தோம். மழைக்காலத்தில் மலையில் ஈரம் மிகுதி. பூசணம் பிடித்த, கசக்கும் நிலக்கடலையைக் கழுவித் தின்னலாம் என்று எண்ண வேண்டாம்; அதில் உண்டாகும் நச்சு ஈரலைக் கெடுக்கும். தயங்காமல் எறிந்துவிட வேண்டும்.

இன்னொரு பையில் வறுத்து அரைத்த கேழ்வரகு மாவு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அறையில் உள்ள மின்கெண்டியில் நீரைக் கொதிக்கவைத்து, மாவைக் கரைத்துக் கிளறி, மோரும் சிறிது உப்பும் சேர்த்தால் கூழ். ஸவீக் உண்ட பயணிகளின் வழி இது. வெல்லம் சேர்க்காமல் பழகிக்கொள்வது நல்லது.

பேரீச்சம்பழத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அது நம் இல்லங்களில் தனி மதிப்புடைய கனி. அதில் நாரும் தாதுப்புகளும் உண்டு. ஆனால் அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையே. மேசைமீது ஒரு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, 'இது சுன்னத்தான பழம், எவ்வளவு தின்றாலும் நோய் வராது' என்று பத்து பன்னிரண்டு தின்பவர்களை நான் அறிவேன். ஒன்றோ இரண்டோ எடுத்து, நான்கைந்து நிலக்கடலையோடு சேர்த்து மென்றால், சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகம் சற்றுக் குறையும். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் அளவை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சேலத்துக்காரர்கள் ஜவ்வரிசியை விட்டுவிட்டதாகக் கோபிக்க வேண்டாம். 'சேலம் ஜவ்வரிசி' 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது நமக்குப் பெருமையே. ஆனால் அது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து. புரதம் ஏறக்குறைய இல்லை. விருந்தில் பாயசமாக இருக்கட்டும். வேலை மேசைக்கு வேண்டாம். எங்கள் ஊரின் தட்டுவடை செட்டும் அப்படியே. துருவிய பீட்ரூட்டும் காரட்டும் வெங்காயமும் நடுவில் இருப்பதால் வெறும் சிப்ஸைவிட மேல். எனினும் தட்டுவடை எண்ணெயில் பொரிந்ததுதான்.

மலைமேல் சென்றபின்

வயிறு முட்ட உண்டுவிட்டு இருபது வளைவுகளில் ஏறுவோர் பாதி வழியில் பேருந்தின் சன்னலைத் தேடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஏறுவதற்கு முன் எண்ணெய்ப் பண்டம் வேண்டாம்; இரண்டு இட்லி போதும். மடிக்கணினியையும் கைபேசியையும் மூடிவைத்து வெளியே தொலைவில் பார்த்துக்கொண்டு சென்றால் குமட்டல் குறையும். வழியில் நிறுத்திக் குரங்குகளுக்குப் பண்டம் எறிவோர், அவற்றைச் சாலைக்குப் பழக்கி வண்டிச் சக்கரத்தில் தள்ளுகிறார்கள். இரக்கம் என்று எண்ணிச் செய்யும் தீங்கு அது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்திருக்கிறது. டப்பாவும் மஞ்சப்பையும் கொண்டு செல்பவருக்கு எறிவதற்கே ஒன்றுமிராது.

ஏரிக்கரையில் குளிருக்கு இதமாக மிளகாய் பஜ்ஜியின் மணம் வரும். என்றாவது ஒரு நாள் உண்பதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் சட்டியைப் பாருங்கள். கறுத்து, நுரைத்து, புகையும் எண்ணெயானால் நகர்ந்துவிடுங்கள். திரும்பத் திரும்பக் கொதித்துக் கெட்ட எண்ணெய்க்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இலேயே வரம்பு விதித்துவிட்டது. ஆனால் சட்டியின் அருகில் நின்று அதைக் கவனிக்க வேண்டியவர் உண்பவரே.

ஏற்காடு என்றால் காப்பி. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பியைப் பயிரிடச் செய்தவர். அதன் பிறந்தகத்திலேயே காப்பியைக் குறை சொல்வது அழகன்று. எனினும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டியில் ஓர் அளவு உண்டு. ஒரு குவளை வடிகட்டிய காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை காஃபீன். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீரும் காப்பியும் பருகினால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். இந்த நிறுவனம் இப்போது ஹைதராபாத்தில் இருந்தாலும், 1918-இல் அது தொடங்கியது நம் குன்னூர் மலையில்தான். குளிர்ந்த ஊரில் தாகம் தெரியாது. தாகத்தையே பசியென்று எண்ணிப் பொட்டலத்தைப் பிரிப்போர் பலர். முதலில் ஒரு குவளை வெந்நீர் பருகிப் பாருங்கள்.

எப்போது உண்பது என்பதும் முக்கியம். நம் நாளை ஐந்து வேளைத் தொழுகை பகுத்துக் கொடுக்கிறது. லுஹருக்குப் பின் மதிய உணவு; அஸருக்குப் பின் ஒரு கைப்பிடிச் சிற்றுண்டியும் கால் மணி நேர நடையும் என்று வைத்துக்கொண்டால், திரையின் முன்னிருந்து எழுவதற்கு வேறு மணியோசை தேவையில்லை. திரையை மூடிவிட்டு உண்பதே உணவு. திரையைப் பார்த்தபடி உண்பது உண்டதாகவே மனத்தில் பதிவதில்லை.

கட்டுபவர் யார்?

இவ்வளவும் எழுதியபின் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை காலை, கொண்டைக்கடலை எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மின்கெண்டியைத் தவிர வேறெதையும் என் அடுக்களையில் நானாகக் கண்டுபிடிக்க இயலவில்லை. இருபது ஆண்டுகளாக வெளியூர்க் கூட்டங்களுக்குச் செல்லும்போதெல்லாம் எனக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தவர் என் மனைவி. நான் 'ஸாத்' என்ற சொல்லுக்கு மாணவர்களிடம் பொருள் சொன்னேன். அவர் அதைக் கட்டினார்.

கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவர், "நகருங்கள், நான் கட்டித் தருகிறேன்" என்று வந்தார். என் தங்கை மகன், "வேண்டாம் மாமி. இன்றைக்கு நீங்கள் கட்டினால் அடுத்த வாரம் குன்னூரில் யார் கட்டுவார்கள்? எனக்குச் சொல்லிக் கொடுங்கள்" என்றான். அந்தச் சொல் என்னைத் தைத்தது.

அன்று பயணம் அரிது. வீட்டார் கூடிக் கட்டினர், பயணி சுமந்தான். இன்று பயணமே வாழ்வாகிவிட்டவனுக்குக் கட்டிக் கொடுக்கத் தாய் ஒவ்வோர் ஊருக்கும் வர இயலாது. வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அறமன்று. கட்டுபவர் இல்லாத இடத்தைத்தான் பொட்டலங்கள் பிடித்துக்கொள்கின்றன. ஆண் பிள்ளைகளுக்குக் கணினியைக் கற்றுக் கொடுத்த நாம், கடலை ஊறவைக்கக் கற்றுக் கொடுக்கவில்லை. அந்தக் குறையை 6.1 என்ற எண்ணாக ஓர் ஆய்வகம் அச்சிட்டுக் கொடுத்தது.

மலையேறும் முன் அவன் தாய்க்குத் தொலைபேசியில் செய்தியைச் சொன்னான். நான் அருகிலேயே இருந்தேன். தங்கை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "என்ன கட்டியிருக்கிறாய்?" என்று கேட்டாள். அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். "சுண்டலில் உப்பைக் குறை" என்றாள்.

ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் எண் 5.8 ஆக இறங்கியிருந்தது. இன்னமும் வாசற்படிதான், ஆனால் கால் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். இப்போதும் அவன் பையில் எப்போதேனும் ஒரு சிப்ஸ் பொட்டலம் இருக்கிறது. நான் கண்டும் காணாததுபோல் இருந்துவிடுகிறேன். சென்ற முறை வந்தபோது எவர்சில்வர் டப்பா ஒன்றை என்னிடம் நீட்டினான். "உங்கள் மதரஸாப் பிள்ளைகளுக்கு மாமா" என்றான். வறுத்த நிலக்கடலையும் பொட்டுக்கடலையும், கைப்பிடி கைப்பிடியாக மடித்த பொட்டலங்களாக இருந்தன.

வியாழன்தோறும் நன்றாக ஓதும் பிள்ளைகளுக்குக் கிரீம் பிஸ்கட் பரிசளிப்பது என் வழக்கமாக இருந்தது. அது அவனுக்கு நினைவிருந்திருக்கிறது. அன்று கடலைப் பொட்டலங்களைக் கொடுத்தேன். இரண்டு பிள்ளைகள் முகம் சுளித்தனர். மற்றவர்கள் மென்று தீர்த்துவிட்டு இன்னொன்று கேட்டனர்.

உங்கள் வீட்டிலும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படும் மகனோ மகளோ இருக்கலாம். இந்த முறை நீங்கள் கட்டிக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் நின்று, அவர்களைக் கட்டச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், நீங்கள் உடன் செல்ல இயலாத ஊர்களிலும் அந்தப் பழக்கம் அவர்களுடன் செல்லும்.